கதவுக்கு வெளியே ஒரு ஆவர்த்தனம்

தெய்வானை டீச்சர் சொன்னதைத் தியாகேசன் பல வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார். யாராவது கேட்டால், "ஆமாம், அண்ணன் ஒரு தடவை கோபிக்கு வந்து நான் வாசிச்சதைக் கேட்டுட்டுப் போனான்" என்று சொல்லிவிடுவார். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒருவன் உதட்டைப் பிதுக்குவான். பார்த்தது டீச்சர் ஒருத்தர்தான். அவரும் அதைச் சொன்னது அண்ணன் செத்த பிறகு, துக்கம் விசாரிக்கப் போன் பண்ணினபோது. துக்கத்தில் இருப்பவனிடம் யார்தான் உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள்? கடைசியாக உன் பேரைத்தான் சொன்னார் என்று எத்தனை பேர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள். செத்தவர் வாய் திறந்தே நாளாகியிருக்கும். வயலினுக்குச் சுருதி சேர்க்க உட்காரும்போதெல்லாம் இந்த நினைப்பு வந்துவிடும். பிரடையைத் திருகும் கைக்கு வேலை இருக்கிறது, காதுக்கு வேலை இருக்கிறது, மனசுக்கு மட்டும் அந்த நேரத்தில் வேலை இல்லை, அது கிளம்பிப் போய்விடுகிறது. இன்றைக்கு வெகு தூரம் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கோபிசெட்டிபாளையம், தெய்வானை தையல் பயிற்சி நிலையத்தின் கூடம். மெஷின்களைச் சுவரோரம் தள்ளி உறை போட்டு, நடுவில் பவானி ஜமக்காளம் விரித்திருந்தார்கள். முதல் தடவை வந்தபோது துணி வெட்டும் மேஜையைத்தான் மேடை என்று டீச்சர் காட்டினார். "அதுல ஏறி உக்காந்தா ஃபேனு எங்க ரெண்டு பேருக்கும் முடி வெட்டிடும்மா" என்று அப்போது கூட வந்த மிருதங்கக்காரர் சொன்ன பிறகு எல்லோருக்கும் தரைதான். மெஷின் எண்ணெய் வாசனை, புதுத் துணியின் கஞ்சி வாசனை, யார் தலையிலோ மல்லிகைப்பூ. ஆணியில் செய்தித்தாளில் வெட்டிய ரவிக்கை அளவுகள் கை விரித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. கேட்க வந்தவர்கள் இருபது இருபத்தைந்து பேர் இருப்பார்கள். முன்வரிசையில் இருந்தவரின் முழங்காலுக்கும் தியாகேசனின் வில்லுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது. தெருவில் சத்தியமங்கலம் போகிற பஸ் ஒன்று ஹாரனைப் பிடித்துக்கொண்டே போனது.

"ஏன்யா தியாகு," என்றார் உத்திராபதி மாமா, மிருதங்கத்தின் தொப்பிக்கு, இடது பக்கத் தோலுக்கு, ரவை பிசைந்துகொண்டே, "அந்தக் கதவைச் சாத்தினா உனக்கு மூச்சு முட்டுமா?"

"இருக்கட்டும் மாமா."

"மைக்கும் வேணாங்கிற. கதவும் சாத்தக்கூடாதுங்கிற. டவுன் பஸ்ஸுக்கெல்லாம் நான்தான் பக்கவாத்தியமா?"

முன்வரிசை சிரித்தது. தியாகேசனும் சிரித்தார். எந்த ஊரிலும் இந்தப் பேச்சு உண்டு. கரூரில் பல் டாக்டர் ஒருவரின் காத்திருப்பு அறையில் வாசித்தபோது, கதவு திறந்திருந்ததால் கன்னத்தில் பஞ்சு அடைத்த ஒருவர் உள்ளே வந்து, இடம் மாறி வந்துவிட்டோமோ என்று திகைத்து, அப்புறம் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். மன்னார்குடியில் ஒரு அரிசி ஆலை முற்றத்தில் திறந்த கேட் வழியாக ஆடு வந்தது. வாசிக்கக் கூப்பிட்டவர்கள் முகம் சுளிக்காமல் சம்மதிப்பார்கள். கலைஞர்களுக்கு ஏதாவது ஒரு கோணல் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். காரணம் கேட்டால் வெளிச்சம் வேண்டும் என்பார், காற்று வேண்டும் என்பார், தெருவில் போகிறவர்களும் கேட்கட்டும் என்று ஒரு தடவை பேட்டியில்கூடச் சொல்லியிருக்கிறார், அதைப் படித்துவிட்டுப் பலர் பாராட்டினார்கள். உண்மை அதுவல்ல. இந்தக் கூடத்தில், ஒரு ஐப்பசி மழையில், வாசல் தகரத்தில் மழை அறைகிற சத்தத்தில் தன் வயலின் தனக்கே கேட்காமல், "கதவைச் சாத்திடுங்க" என்று சொன்னவர் அவர்தான். சாத்தினார்கள். மைக் இல்லாமல் வாசிக்கிறவன் வேறென்ன சொல்வான்? டீச்சர் சொல்கிறபடி பார்த்தால், அந்தச் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

நான்காவது தந்தி இறங்கிக்கொண்டே இருந்தது. மழைக்கு முந்தின ஈரம். மறுபடி ஏற்றினார். கொல்லுமாங்குடி சகோதரர்கள் என்று நோட்டீஸில் போடுவார்கள், வைத்தியலிங்கம், தியாகேசன், பேருக்கு நடுவில் ஒரு கோடு. இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கோடு இருந்தது. சென்னையில் ஒரு பெரிய சபா, மார்கழி, கச்சேரி முடிந்து பின்னறை. "ஏண்ணே, ரெண்டு வயலினும் சேர்ந்து கரண்டுக் கம்பத்துல கல்லை எறிஞ்ச மாதிரி கேக்குது, கொஞ்சம் குறைக்கச் சொல்லக்கூடாதா" என்று தியாகேசன் சொன்னார். "கடைசி வரிசைக்காரனும் டிக்கெட் வாங்கித்தான்டா வந்திருக்கான்" என்று அண்ணன் சொன்னான். அது நியாயம். இன்றைக்கும் அது நியாயம்தான் என்று தியாகேசனுக்குத் தோன்றும். ஆனால் அண்ணன் அதோடு நிறுத்தவில்லை, வயலினை உறையில் போட்டுத் துண்டால் மூடிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "உனக்கு மைக் ஆவாதுன்னா யார் வீட்டுக் கூடத்துலயாவது போய் வாசி. காபி கொடுப்பாங்க" என்றான். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். தம்புரா போட்ட பையன்கூடச் சிரித்தான். யார் சிரித்தார்கள் என்பது மறந்துவிட்டது, சிரிப்பு மறக்கவில்லை. அந்த வீம்பில்தான் முதல் கூடம். அப்புறம் இரண்டாவது கூடம். மனைவி, "எத்தனை நாளைக்கு இந்த ரோஷம்?" என்று கேட்டபோது, ரோஷமில்லை, இப்படித்தான் கேட்கணும், வில் தந்தியைத் தொடுகிற முதல் உரசல்கூடக் கேட்கணும் என்று சொன்னார். சொன்னபோது அது பொய். வாசிக்க வாசிக்க மெய்யாகிவிட்டது. மெய்யாகிவிட்டது என்றுதான் நினைக்கிறார். அண்ணன் வந்து கேட்டான் என்றால் அது மெய். வரவில்லை என்றால் ஒருவன் சொன்ன கேலிக்குப் பதில் சொல்ல முடியாமல், ஊர் ஊராக, காபி குடித்துக்கொண்டு அலைந்ததுதான் மிச்சம். இது இவ்வளவு பச்சையாக இருக்கிறது என்பதாலேயே அவர் இதைச் சீக்கிரம் தாண்டிப் போய்விடுவார்.

வர்ணத்தை எடுத்தார். விரல்கள் தாமாகவே போயின. டீச்சர் சமையலறைப் பக்கக் கதவோரம் மோடா போட்டு உட்கார்ந்திருந்தார், கழுத்தில் அளவு நாடா தொங்கியது; கச்சேரியென்றாலும் அதைக் கழற்ற மாட்டார். எழுபத்துநாலு வயசு. மத்தியானம் வந்து இறங்கியபோது, "வாங்க தம்பி, வாங்க சபாபதிண்ணா" என்றார். சபாபதி முன்பு கூட வந்துகொண்டிருந்த மிருதங்கக்காரர். "சபாபதி போய் நாலு வருஷம் ஆச்சும்மா, நான் அவன் ஆவி இல்ல, நல்லா சாப்புடுவேன்" என்று உத்திராபதி மாமா சொல்ல, டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இலை போடும்போது மறுபடி சபாபதிண்ணா. இந்தத் தடவை மாமா திருத்தவில்லை, தியாகேசனை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்குக் கேட்கவில்லையென்றால் அப்புறம் கேட்டும் பிரயோஜனமில்லை என்று தியாகேசன் அப்போது முடிவு செய்தார். அடுத்த வருஷம் டீச்சரே, எந்த அண்ணன் தம்பி என்று கேட்கலாம். அல்லது கேட்காமல், புதிதாக ஏதாவது சொல்லலாம். அது இன்னும் மோசம். டீச்சர் பொய் சொல்லக்கூடியவர் என்பதில் சந்தேகமில்லை. கெட்ட பொய் இல்லை. கோணல்மாணலாகத் தைக்கிற பெண்ணிடமும், "கண்ணு, உன்ற கைக்குத் தொழில் வந்திருச்சு" என்பார். தியாகேசன் பாரிஸில் வாசித்தவர் என்று ஒரு வங்கி மேலாளரிடம் அறிமுகம் செய்தார். தியாகேசன் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. அப்படிப்பட்டவர், அண்ணனோடு பேச்சில்லாமலே அண்ணன் போய்விட்டான் என்று அழுகிற ஒருவனுக்கு, போனில், கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்திருக்க மாட்டாரா?

சொன்னது இதுதான். மழையில் வாசலில் கிடந்த செருப்பெல்லாம் நனைகிறதே என்று பக்கத்துச் சந்து வழியாகக் குடையோடு முன்பக்கம் வந்திருக்கிறார். தகரத்துக்குக் கீழே ஒருத்தர் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருக்கிறார். பார்த்ததும் மூக்கை வைத்துத் தெரிந்துவிட்டதாம், உங்க மூக்கேதானுங்க தம்பி. அவர் உதட்டில் விரல் வைத்து, சொல்ல வேண்டாம் என்று காட்டினாராம். உள்ளே சுரம் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "நீங்க நடுவுல நிறுத்திப் போட்டீங்களே, அப்ப அவரு நிலையில விரலால தட்டிட்டே இருந்தாருங்க. நீங்க மறுபடி ஆரம்பிச்சதும் கரெக்டா நிறுத்திட்டாரு." இந்த இடத்தில்தான் தியாகேசன் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்வார். ஏனென்றால் அன்றைக்கு அவர் நிறுத்தியது உண்மை. இரண்டு பேராக வாசித்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. சுரம் வாசிக்கும்போது ஒரு ஆவர்த்தனம், தாளத்தின் ஒரு முழுச் சுற்று, இவர் வாசித்தால் அடுத்த சுற்று அண்ணனுடையது. இருபது வருஷம் அப்படி வாசித்த கை, தனியாக உட்கார்ந்த அன்றைக்கும் தன் சுற்றை முடித்ததும் வில்லை இறக்கிவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. சபாபதி சுதாரித்து மிருதங்கத்தில் அந்தச் சுற்றை இட்டு நிரப்பினார். ஒரு சுற்று முழுக்க, கையில் வில்லை வைத்துக்கொண்டு, பெட்டியைத் தவறவிட்ட பிரயாணி மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த வெற்றிடத்தைத்தான் அண்ணன் வெளியே நின்று நிரப்பினான் என்கிறார் டீச்சர். சங்கீதம் தெரியாதவர் இதைக் கற்பனை செய்ய முடியாது என்று ஒரு காலம் நம்பினார். பிறகு, டீச்சருக்குச் சங்கீதம் தெரியாதென்று யார் சொன்னது என்று தோன்றியது. சகோதரர்கள் கேசட்டைப் போட்டுக்கொண்டு முப்பது வருஷம் பட்டன் துளை எடுத்தவர். முறை மாறி வருவது அவருக்குத் தெரியும். அப்புறம் உடுப்பு. முதலில் வேட்டி என்றார். இரண்டு வருஷம் கழித்துச் சொன்னபோது பேண்ட் என்றார். வேறு யாராவது மாற்றிச் சொன்னால் விட்டுவிடலாம். ஒருத்தர் உள்ளே நுழைந்ததும் தோள் இறக்கம் இடது பக்கம் கால் அங்குலம் கூட இருக்கிறது என்று சொல்கிற தையல் டீச்சர், ஆள் போட்டிருந்தது வேட்டியா பேண்டா என்பதை மறப்பாரா? ஆனால் சட்டை இரண்டு தடவையும் ஒன்றுதான். வெளிர் நீலம், நைந்துபோன காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்திருந்தது. பட்டு ஜிப்பா இல்லாமல் தெருமுனைக்குப் போகாத அண்ணன், திருப்பித் தைத்த காலரோடு! பொய் பிடிபட்டது என்று தியாகேசன் இதில்தான் நிம்மதியடைந்தார், அது என்ன நிம்மதியோ. அப்புறம் வருஷத் திதிக்குப் போனபோது, அண்ணி வீட்டுக் கொல்லைக் கொடியில் ஒரு வெளிர் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. காலரைத் தொட்டுப் பார்க்கலாம் என்று இரண்டடி வைத்தார். அண்ணி, "என்ன தம்பி வேணும்?" என்றார். "ஒண்ணுமில்லை, கை அலம்பணும்." அது மருமகப்பிள்ளையின் சட்டையாகவும் இருக்கலாம். செத்தவன் சட்டையை யார் இத்தனை வருஷம் கழித்துத் துவைத்துப் போடுகிறார்கள். போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கைதட்டினார்கள். சின்னக் கூடத்தில் கைதட்டல் ஒவ்வொருவருடையதாகத் தனித்தனியாகக் கேட்கும், யார் மனசில்லாமல் தட்டுகிறார்கள் என்பதுகூட. "ம்" என்றார் மாமா, அடுத்தது என்ன என்பதற்கு. "பேகடா." "வெளிய மூட்டம் போட்டிருக்கு, சீக்கிரம் முடி, என் தொப்பி தொங்கிடும்." பேகடாவை மெல்லத் தொட்டார். மேல் நிஷாதம் என்ற சுரத்தைப் பிடித்தபோது சுவரோர மெஷின் ஒன்றின் அறைக்குள் நூல் சுற்றிய பாபின் கிர்ரென்று கூட அதிர்ந்தது. முதல் தடவை இங்கே வாசித்தபோதும் இதே அதிர்வு. இந்தக் கூடத்துக்கே ஒரு நிஷாதம் இருக்கிறது. அதை அழுத்தாமல் ஒதுங்கிப் போனார், பிறகு வேண்டுமென்றே திரும்பி வந்து அதன் மேல் நின்றார், பாபின் பாடிற்று, முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். இந்த ராகத்தில் அண்ணன் இந்த இடத்தில் இறங்க மாட்டான், இன்னும் மேலே போவான், போய் அங்கிருந்து ஒரே வில்லில் சறுக்குவான், ரசிகர்கள் ஆகா என்பார்கள், தியாகேசனுக்கு அது பிடிக்காது, பிடிக்காது என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது விரல் மேலே போயிற்று. போய்ச் சறுக்கிற்று. அண்ணனைப்போல வரவில்லை. அண்ணன் கை வேறு. அண்ணன் பிறவியில் இடது கைக்காரன். அம்மா நொட்டாங்கை என்று கூப்பிடுவாள், கோபம் வந்தால் பீச்சாங்கை. அப்பா வில்லை வலது கையில் பழக்க இடது கையைத் தொடையோடு சேர்த்துத் துண்டால் கட்டினார். வில் வலது கைக்கு வந்துவிட்டது. தாளம் மட்டும் வரவில்லை. சும்மா உட்கார்ந்து கேட்கும்போது தாளம் போட்டால் இடது கைதான் எழும்பும். அப்பா பார்த்தால் அடி விழும் என்று தொடைக்கு அடியில் மறைத்துப் போடுவான். பெரியவனான பிறகும், அப்பா செத்த பிறகும், மறைவாக, இடது கைதான். மேடையில் இரண்டு கையிலும் வயலின் இருப்பதால் இது வெளியே யாருக்கும் தெரியாது. வீட்டில் நாலு பேருக்குத் தெரியும், அதில் மூன்று பேர் இப்போது இல்லை. இதுதான் தியாகேசன் வைத்திருந்த கேள்வி. பல வருஷமாகத் தீட்டி வைத்திருந்த ஒரே கேள்வி. எந்தக் கையால் தட்டினான் டீச்சர்? வலது என்றால் பொய். இடது என்றால் மெய். இவ்வளவு சுலபமான கேள்வியை ஏன் போனிலேயே கேட்கவில்லை? முதல் வருஷம் வாய் வரவில்லை. அடுத்த தடவை வந்தபோது கூட்டம். அதற்கடுத்த தடவை, அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார். சந்தேகத்துக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, அதில் பாதி நாள் அண்ணன் வந்தவனாக இருப்பான்.

பாட்டு முடிந்து சுரத்துக்கு வந்தார். தன் சுற்றை வாசித்து முடித்தார், வில்லை இறக்கினார். இப்போது இது தப்பில்லை, வழக்கம். எல்லாக் கூடத்திலும் ஒரு சுற்றைக் காலியாக விடுகிறார். பத்திரிகையில் ஒருவர் அவருடைய மௌனத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார்; படித்தபோது காதெல்லாம் சுட்டது. மாமாவுக்குத் தெரியும், அதனால் அந்தச் சுற்றில் அவரும் கையை எடுத்துவிடுவார். கூடம் அமைதியாக இருந்தது. யாரோ ஒருவர் விரலில் மட்டும் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. தியாகேசன் கதவைப் பார்த்தார். பார்க்கக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பது, ஒவ்வொரு தடவையும் பார்ப்பது. தகரத்தில் இரண்டு மூன்று துளி விழுந்தது. ஒரு ஸ்கூட்டர் நின்றது. நிலைக்கு அந்தப் பக்கம் நிழல் ஒன்று வந்து நின்றது. தியாகேசன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பைத்தியக்காரத்தனம், அண்ணனை எரித்துவிட்டு வந்தவர் அவரேதான். கையில் துணிப் பையோடு ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, சேலைக்கு ஃபால்ஸ் வெச்சுத் தருவீங்களா?"

"நாளைக்கு வா கண்ணு," என்றார் டீச்சர் மோடாவில் இருந்தபடியே. "இன்னைக்குக் கச்சேரி."

"அர்ஜெண்ட்டுங்க்கா, நாளைக்குக் கல்யாணம்."

"அப்ப வெச்சுட்டுப் போ, காலைல ஏழு மணிக்கு வந்து வாங்கிக்க."

கூடமே சிரித்தது. சுற்று எப்போதோ முடிந்து இரண்டாவது சுற்றும் பாதி ஓடிவிட்டிருந்தது. மாமா, "எடு, எடு, மாப்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்று முணுமுணுத்துத் தட்ட ஆரம்பித்தார். தியாகேசன் எங்கே விழுந்தோம் என்று ஒரு நொடி தேடி, பிடித்து, வாசித்தார். அந்தப் பெண் போகவில்லை. பையை மெஷின் மேல் வைத்துவிட்டு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள், மழை வலுத்து முதுகு நனைகிற வரைக்கும். பிறகு டீச்சர் கையைக் காட்டிக் கூப்பிட, உள்ளே வந்து கடைசியில் உட்கார்ந்தாள். தகரம் அதிர ஆரம்பித்தது. வயலின் அவருக்கே பாதிதான் கேட்டது. கதவைச் சாத்தட்டுமா என்று யாரோ சைகையில் கேட்டார்கள். வேண்டாம் என்று தலையசைத்தார். கேட்காததைக் கையின் ஞாபகத்தில் வாசித்தார். இப்படி வாசிப்பது சங்கீதமா, பிடிவாதமா? அண்ணன் இருந்தால், இதுக்குத்தான்டா மைக் என்பான். அது நியாயம்தான்.

மங்களம் முடிந்தபோது மழையும் தூறலாகியிருந்தது. இடியாப்பம்போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் வாழையிலைத் துண்டில் வந்தன, பின்னாலேயே காபி. இருபது பேரும் நின்றுகொண்டும் மெஷின்மேல் சாய்ந்துகொண்டும் சாப்பிட்டார்கள். உத்திராபதி மாமா இரண்டாவது இலை வாங்கிக்கொண்டு, "சபாபதிக்கு இன்னும் கொஞ்சம் பால் ஊத்துங்கம்மா" என்றார். தியாகேசனால் சாப்பிட முடியவில்லை. கேள்வியோடு டீச்சர் பக்கம் நகர்ந்தார். டீச்சரைச் சுற்றி இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் முன்வரிசைக்காரர், புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் தாலுகா ஆபீஸ்காரர். அவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். டீச்சர் ஆரம்பித்துவிட்டார்.

"இங்கதானுங்க, இதே வாசல்ல. இவுங்க அண்ணன், அவுரும் பெரிய வித்வான். இந்த மாதிரியே மழை. செருப்பெல்லாம் நனையுதேன்னு நானு வெளிய வாறேன், நிக்கிறாரு. நீலச் சட்டை. காலரு திருப்பித் தெச்சது. தெச்சவுங்களுக்குக் கை சுத்தமில்லீங்க, உள்மடிப்பு வெளிய தெரிஞ்சுது. தம்பி உள்ள வாசிக்கிறாரு, நடுவால நிறுத்திப் போடறாரு. அப்ப அவரு, இந்தா, இப்படி…"

தட்டிக் காட்டினார். பக்கத்திலிருந்த மெஷினின் மர மூடியில், நான்கு விரலால், மெதுவாக, எண்ணிக்கை பிசகாமல். இடது கை.

தியாகேசன் இலையைக் கீழே வைத்தார். இடது கை. கேட்காமலே வந்துவிட்டது, பல வருஷம் தீட்டி வைத்த கேள்விக்கு, தேங்காய்ப்பால் வாசனைக்கு நடுவில். அப்புறம்தான் டீச்சரின் வலது கையைப் பார்த்தார். அதில் காபி டம்ளர் இருந்தது. சுடச்சுட, ஆவி பறக்க, விளிம்பைப் பிடித்துக்கொண்டு. டம்ளர் இருக்கும் கையால் யாரும் தட்ட மாட்டார்கள். எந்தக் கை காலியோ அந்தக் கை. இனிமேல் அந்தக் கேள்வி செத்துவிட்டது. இப்போது கேட்டால், இப்படித்தான் என்று தன் கையையே பார்த்துக்கொண்டு இடது என்பார், அது ஞாபகமா டம்ளரா என்று அவருக்கே தெரியாது. கொடுப்பதுபோலக் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டது யார் என்று கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். வந்தவன் இடது கைக்காரன். வராதவனும் இடது கைக்காரன். காலர், மூக்கு, வேட்டி, பேண்ட், கை. ஒரு வக்கீல் மாதிரி இத்தனை வருஷமும் சாட்சியைத்தான் குடைந்துகொண்டிருந்திருக்கிறார். தாலுகா ஆபீஸ்காரர், "அடடா, அப்புறம் அவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "ஒண்ணும் பேசலீங்களே," என்றார் டீச்சர். ஆமாம், ஒரு வார்த்தை பேசினதாக டீச்சர் ஒருபோதும் சொன்னதில்லை. வங்கி மேலாளருக்கு பாரிஸையே கொடுத்தவர், செத்தவன் வாயில் ஒரு நல்ல வார்த்தையை வைத்திருக்கலாம், தம்பி நல்லா வாசிக்கிறான் என்று. அது எவ்வளவு சுலபம். வைக்கவில்லை. இதை ஏன் இத்தனை நாள் கவனிக்கவில்லை? கவனித்தால் அண்ணன் வந்தது மெய்யாகிவிடும், அதற்கடுத்த கேள்வி என்ன என்று தெரிந்திருந்ததாலா? வாசலில் ஃபால்ஸ்காரப் பெண் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளை டீச்சர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். முதுகு நனைகிறதென்று கூப்பிட்டார். அவள் வந்தாள். அன்றைக்கு மழையில் நின்றவனை மட்டும் டீச்சர் கூப்பிடாமல் இருந்திருப்பாரா?

ஆபீஸ்காரர் கை கழுவப் போனார். டீச்சர் டம்ளரை ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பினார். "என்னங்க தம்பி, இலைல அப்படியே கெடக்குது? சந்தகை ஆறிப் போச்சுங்களா?"

"அதில்லை டீச்சர்." வாசல் பக்கம் கையைக் காட்டினார். "நீங்க குடையோட அங்க நின்னீங்கல்ல, அப்ப… கதவைத் திறக்கட்டுமான்னு அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"